பன்னிரண்டில் ஒன்பதாவது ஆள்

அந்த மாலைக் கல்லூரியில் அவரைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. அலுவலகத்தில் அவர் அட்டெண்டர். மாணவர்களுக்குப் ‘பத்து நிமிஷம் அண்ணன்’. ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால் கல்லூரி கொடுத்திருந்த ஒன்றரை அறைக் குடியிருப்பில் அவர் மனைவிக்கு ‘இந்தாங்க’.

பத்து நிமிஷம் என்ற பெயர் வருகைப் பதிவேட்டால் வந்தது. இருபத்திரண்டு வருடங்களுக்கு முன்னால் ஒரு பொருளாதார ஆசிரியர் பதிவேட்டைப் பேருந்தில் மறந்து வைத்துவிட்டு இறங்கிவிட்டார். ஒரு வகுப்பின் முழு ஆண்டு வருகையும் அந்தப் பேருந்தோடு போயிற்று. யார் வந்தார்கள், யார் வரவில்லை என்று சொல்ல ஆதாரம் இல்லாததால் எல்லோரும் எல்லா நாளும் வந்ததாக எழுத வேண்டியதாயிற்று. பாதியில் படிப்பை விட்டுப் போயிருந்த இரண்டு பேருக்கும் சேர்த்து முழு வருகைக்கான பரிசு அறிவிக்கப்பட்டது. ஒருவர் வந்து வாங்கிக்கொண்டும் போனார்.

அதன் பிறகு கல்லூரி ஒரு விதி எழுதியது. பதிவேட்டை அட்டெண்டர்தான் வகுப்புக்கு எடுத்துச் செல்ல வேண்டும். ஆசிரியர் பெயர் கூப்பிட்டு முடிக்கும்வரை அது அட்டெண்டரின் கண்ணைவிட்டு அகலக் கூடாது. முடிந்ததும் அவரே திருப்பிக் கொண்டுவந்து இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்ட வேண்டும்.

மாலைக் கல்லூரிக்கு வருகிறவர்கள் வேலை முடிந்து வருகிறவர்கள். மூச்சு வாங்க ஓடிவருகிறவர்களுக்காக, ஆசிரியர்கள் பாடத்தைத் தொடங்கிப் பத்து நிமிடம் போன பிறகுதான் பெயர் கூப்பிடுவார்கள். அந்தப் பத்து நிமிடமும் அவர் கதவோரத்து முக்காலியில் உட்கார்ந்திருப்பார். இப்படி இருபத்திரண்டு வருடம். எல்லாப் பாடங்களிலும் முதல் பத்து நிமிடம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். முக்கோணத்தை வரைந்து மூலைகளுக்கு எழுத்துப் போடுவதுவரை தெரியும். அதை வைத்து என்ன நிரூபித்தார்கள் என்று தெரியாது. எந்த ராஜா எந்த வயதில், யாரைத் தள்ளிவிட்டு அரியணை ஏறினார் என்று தேதியோடு சொல்வார். ஏறி உட்கார்ந்தவருக்குப் பிறகு என்ன ஆனது என்று கேட்டால், “அது பெல் அடிச்சதுக்கு அப்புறம் வர்ற விஷயம்” என்பார்.

அவர் வாழ்க்கை அப்படியே ஓய்வூதியம்வரை போயிருக்கும். ஆனால் ஒரு வருடம் வரலாற்றுப் பிரிவில் பதினோரு பேர்தான் சேர்ந்தார்கள். பன்னிரண்டு பேர் இல்லையென்றால் பிரிவைத் தொடங்க அனுமதி கிடையாது. பட்டியலை அனுப்ப வேண்டிய கடைசி நாளில், அலுவலகம் மூட அரை மணி இருக்கும்போது, அலுவலகக் கண்காணிப்பாளர் அவரைக் கூப்பிட்டார். கண்காணிப்பாளர் எந்தக் காகிதத்திலும் காலியிடத்தைப் பார்த்தால் மனம் பொறுக்காதவர்.

“யோவ், நீ எதுவரைக்கும் படிச்சிருக்க?”

“பள்ளிக்கூடம் முடிச்சிருக்கேன் சார்.”

“பாஸா?”

“பாஸ்தான் சார். சான்றிதழ் பெட்டியில இருக்கு.”

“ஓடிப்போய் எடுத்துட்டு வா. ஒரு மாசத்துக்கு நீதான் பன்னிரண்டாவது மாணவன். அப்புறம் பேரை எடுத்துடலாம்.”

“சார், நான் எப்படி சார்...”

“உனக்கு என்ன கஷ்டம்? எப்படியும் பத்து நிமிஷம் உள்ளதான உக்காந்திருக்க?”

வீட்டில் அவர் மனைவி பெட்டியின் அடியிலிருந்து சான்றிதழை உருவிக் கொடுத்தாள். “இந்த வயசுல எதுக்குங்க இது? திரும்பவும் பள்ளிக்கூடத்துல சேக்கறாங்களா?”

“காலேஜ்ல.”

“சரிதான். போற போக்குல இந்தக் குப்பையையும் கொட்டிட்டுப் போங்க.”

விண்ணப்பத்தில் பாதுகாவலர் கையெழுத்துக்கு ஒரு கட்டம் இருந்தது. அவருக்கு அப்பா, அம்மா இல்லை. கண்காணிப்பாளர் அந்தக் கட்டத்தைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு படிவத்தை மடித்து அவரிடமே கொடுத்து மறுபடி வீட்டுக்கு அனுப்பினார். மனைவி பாதுகாவலர் ஆனாள்.

ஒரு மாதம் முடிவதற்குள் மேலிடத்திலிருந்து சுற்றறிக்கை வந்துவிட்டது. இனி ஒரு கல்லூரியில் எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்பதை மட்டும் பார்க்க மாட்டார்களாம். சேர்ந்தவர்களில் எத்தனை பேர் தங்கினார்கள், எத்தனை பேர் முடித்தார்கள் என்று பார்ப்பார்களாம். ஏதாவது ஒரு பிரிவில் நூற்றுக்கு எழுபத்தைந்துக்குக் கீழே போனாலும் மாலைக் கல்லூரியையே மூடிவிடுவார்களாம். பன்னிரண்டு பேர் சேர்ந்த பிரிவில் ஒன்பது பேர் தேறியாக வேண்டும்.

“அப்ப என் பேரை எப்ப சார் எடுப்பீங்க?” என்று அவர் கேட்டார்.

“எடுத்தா ஒருத்தன் படிப்பை விட்டுட்டான்னு ஆகிடும்யா. கொஞ்சம் பொறு.”

அவர் பொறுத்தார். மற்றவர்கள் பொறுக்கவில்லை. ஒருவருக்கு வெளியூரில் வேலை கிடைத்தது. ஒரு பெண் பிரசவத்துக்குப் போனாள், இரட்டைக் குழந்தை. மூன்றாமவர் ஜன்னலோர பெஞ்சு தனக்குக் கிடைக்கவில்லை என்று கோபித்துக்கொண்டு போனார். கல்லூரியே ஜன்னலோர பெஞ்சைத் தூக்கிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போகத் தயாராக இருந்தும் அவர் இறங்கிவரவில்லை. இரண்டாம் ஆண்டு பாதியில் மீதி சரியாக ஒன்பது பேர். அந்த ஒன்பதாவது ஆள் அட்டெண்டர்.

உடனே ‘மாணவர் தக்கவைப்புக் குழு’ என்று ஒன்று அமைத்தார்கள். முதல்வர் அம்மாள், கண்காணிப்பாளர், வரலாற்று ஆசிரியர் ஆகிய மூவர் அதில் இருந்தார்கள். குழுவின் காகிதங்களைத் தூக்க அட்டெண்டர். தொடர்ந்து மூன்று நாள் வராத மாணவரின் வீட்டுக்குக் கடிதம் கொடுத்து அனுப்பி, பாதுகாவலரிடம் கையெழுத்து வாங்கி வர வேண்டும் என்பது குழு எடுத்த முதல் முடிவு.

அந்த முடிவுக்கு முதலில் ஆளானவரும் அவர்தான்.

“மூணு நாளா வரலை. கடிதம் போகணும்” என்றார் கண்காணிப்பாளர்.

“சார், நீங்கதான் என்னை விடைத்தாள் கட்டு வாங்கிட்டு வரச்சொல்லி மூணு நாள் அனுப்பினீங்க.”

“அது அட்டெண்டரை. நான் பேசறது மாணவனைப் பத்தி. ரெண்டையும் போட்டுக் குழப்பாத. இந்தா, கொடுத்துட்டு வா.”

அவர் கடிதத்தை எடுத்துக்கொண்டு ஜெனரேட்டர் அறையைச் சுற்றித் தன் வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டினார். மனைவி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு கடிதத்தை முழுவதும் படித்தாள். ‘தங்கள் பொறுப்பில் உள்ள மாணவர் காரணமின்றி வகுப்புக்கு வரவில்லை’ என்று அதில் இருந்தது.

“ஏங்க, இந்தப் பையன் மூணு நாளா எங்க சுத்திட்டு வரான்னு உங்களுக்கு ஏதாச்சும் தெரியுமா?”

“கடிதம் கொண்டு வந்தவன்கிட்ட கதை கேக்காத. கையெழுத்துப் போடு.”

“சேர்க்கை சரியில்லைன்னு நினைக்கறேன். அலுவலகத்துல இருக்கறவங்களோட ரொம்பப் பழகறான்.”

பாதுகாவலர் நேரில் வர வேண்டும் என்றும் கடிதத்தில் இருந்ததால் அவள் மறுநாள் முதல்வர் அறைக்குப் போனாள். அட்டெண்டராக அவர்தான் கதவைத் திறந்துவிட்டார், நாற்காலியை இழுத்துப் போட்டார், எல்லோருக்கும் தேநீர் கொடுத்தார். பிறகு முதல்வர் சொன்னதன் பேரில் மாணவராக மாறி அவளுக்குப் பக்கத்தில் நின்றார்.

வரலாற்று ஆசிரியர் வயதில் சின்னவர். அவருக்குக் கூச்சமாக இருந்தது. “குறை சொல்லணும்னு இல்லைங்க. அண்ணன் நல்லா கவனிக்கறாரு. ஆனா பத்து நிமிஷம் ஆனதும் எழுந்து போயிடறாரு.”

“வீட்லயும் அப்படித்தான் சார்” என்றாள் அவள். “எதைச் சொன்னாலும் பத்து நிமிஷம்தான் காது. அப்புறம் ஆள் இருப்பாரு, காது இருக்காது.”

“பதிவேட்டை அலமாரியில வைக்கணும்ல மேடம்” என்று அவர் முனகினார்.

முதல்வர் அம்மாள் எதையும் உடனே தீர்க்க வேண்டும் என்று நினைப்பவர். “இனிமே வரலாற்று வகுப்புப் பதிவேட்டை நம்ம கண்காணிப்பாளரே கொண்டு போய்க் கொண்டு வருவார்” என்றார். கண்காணிப்பாளர் தேநீரை விழுங்க முடியாமல் தவித்தார். அடுத்த நாளிலிருந்து, முப்பது வருடம் நாற்காலியை விட்டு எழாத அந்த மனிதர், பதிவேட்டைக் கையில் ஏந்திக் கதவோரத்து முக்காலியில் உட்கார, அட்டெண்டர் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்தார். உட்கார்ந்தார் என்று சொல்வது பாதி உண்மை. கண்காணிப்பாளர் அசையும்போதெல்லாம் பழக்க தோஷத்தில் எழுந்து நின்றார்.

அன்று பெயர் கூப்பிட்டு முடிந்து (அவரை மட்டும் ஆசிரியர் எப்போதும்போல ‘அண்ணன்’ என்றே கூப்பிட்டார்), பதிவேடு வெளியே போய், கதவு சாத்தப்பட்டது. அவர் வாழ்நாளில் முதல் தடவையாகப் பதினோராவது நிமிடம் தொடங்கியது.

அவர் வீட்டுக்கு வந்தபோது முகம் வெளிறி இருந்தது. மனைவி பயந்துவிட்டாள். “என்னங்க ஆச்சு?”

“செத்துட்டாரு.”

“யாருங்க? கண்காணிப்பாளரா?”

“ராஜா. பதினாறு வயசுல அண்ணனைத் தள்ளிட்டு வந்தாரே, அவரு. சொந்த மகனே விஷம் வெச்சுட்டான்.”

“எப்ப?”

“ஐநூறு வருஷம் ஆச்சாம். எனக்கு இன்னைக்குத்தான் தெரியும்.”

அந்தப் பருவம் முழுக்க அவர் துக்கம் விசாரிக்கப் போய் வந்தவர்போல இருந்தார். இருபத்திரண்டு வருடமாக அரியணையில் உட்கார்த்திப் பார்த்த ராஜாக்கள் ஒவ்வொருவராக விழுந்தார்கள். ஒருவர் யானையிலிருந்து விழுந்தார். ஒருவர் மூன்று போரில் ஜெயித்துவிட்டுக் காய்ச்சலில் போனார். “ஒருத்தர்கூட நல்லபடியா வீடு வந்து சேரலைடி” என்றார். “யாராச்சும் ஒருத்தர் ஓய்வூதியம் வாங்கியிருக்கக் கூடாதா?”

“நீங்க வாங்குங்க முதல்ல. இன்னும் நாலு வருஷம் இருக்கு.”

வகுப்பில் மற்ற எட்டுப் பேரும் அவரைத் தங்கள் சொத்தைப்போலப் பார்த்துக்கொண்டார்கள். அவர் தேறினால்தான் கல்லூரி நிலைக்கும். கல்லூரி நிலைத்தால்தான் தங்கள் படிப்புக்கு மதிப்பு என்று அவர்களுக்குத் தெரியும். தும்மினால் கைக்குட்டை வரும். மருந்துக்கடையில் வேலை பார்த்த ஒருவர் பாடங்களை மாத்திரைக் கவர்களில் எழுதிக்கொண்டு வந்தார். ஒரு கவருக்கு ஒரு ராஜா. மேலே பழக்கத்தில் ‘காலை 1, மாலை 2, சாப்பாட்டுக்குப் பின்’ என்று குறித்திருந்தார். அட்டெண்டரும் சாப்பாட்டுக்குப் பின்புதான் படித்தார். தையல் வேலை செய்யும் பெண் ஒருத்தி, எல்லோருக்கும் தையலக்கா, வாரத்துக்கு ஒருநாள் அவரைக் கேள்வி கேட்பாள். பதில் தப்பானால் ஊசியைக் காட்டுவாள்.

இறுதித் தேர்வுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது கண்காணிப்பாளர் அவரைத் தனியே கூப்பிட்டார். கையில் பணி விதிகள் புத்தகம் இருந்தது. முகம் பிணத்தைப் பார்த்த முகம்.

“யோவ், ஒரு சிக்கல். கடைநிலைப் பணியில இருக்கறவன் பட்டதாரியா இருக்கக் கூடாதுன்னு ஒரு விதி இருக்கு. முன்னாடி எவனோ ஒருத்தன் டிகிரி வாங்கிட்டு, என்னை எழுத்தரா ஆக்குன்னு வழக்குப் போட்டானாம். அதுக்காக எழுதி வெச்சிருக்காங்க.”

“அப்ப நான் பாஸ் ஆனா?”

“வேலை போச்சு.”

“பெயில் ஆனா?”

“எட்டுப் பேர்தான் தேறுவாங்க. காலேஜை மூடுவாங்க. வேலை போச்சு.”

“வீடு?”

“வேலையோட வந்த வீடு, வேலையோட போகும்.”

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் அடி என்பார்கள். மத்தளத்துக்காவது யார் அடிக்கிறார்கள் என்று தெரியும். “சார், நான் சும்மா கதவோரத்துல உக்காந்திருந்தவன் சார்” என்றார். கண்காணிப்பாளர் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். அவரே கதவோரத்து முக்காலியில் உட்கார்ந்து உட்கார்ந்து முதுகு பிடித்துப் போயிருந்தார்.

விதியைப் பாதுகாவலருக்கும் தெரிவிக்க வேண்டும் என்று முதல்வர் சொன்னதால் மறுபடி மனைவியை வரவழைத்தார்கள். கண்காணிப்பாளர் அதை வாய்விட்டுப் படித்தார். ‘பட்டச் சான்றிதழைக் கையெழுத்திட்டுப் பெற்றுக்கொண்ட நாள் முதல் அவர் பணியிலிருந்து விடுவிக்கப்பட்டவராவார்.’

“திரும்பப் படிங்க சார்” என்றாள் அவள்.

படித்தார்.

“பாஸ் பண்ணின நாள்ல இருந்துன்னு இல்லையே? வாங்கின நாள்ல இருந்துதானே?”

“ஆமா.”

“அப்ப இவரு வாங்காம விட்டா?”

முதல்வர் அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கண்காணிப்பாளர் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினார். பட்டமளிப்பு விழாவுக்கு வராதவர்களின் சான்றிதழ் அலுவலக அலமாரியில் இருக்கும், அவர்களே வந்து கையெழுத்திட்டுக் கேட்கும்வரை எத்தனை வருடமானாலும் இருக்கும் என்று அதே புத்தகத்தில் இன்னொரு பக்கத்தில் இருந்தது.

“தேறணும். ஆனா வரக் கூடாது” என்றார் முதல்வர். “உங்களால முடியுமா?”

“வராம இருக்கறதுதான மேடம்? அதை எவனும் செய்வான்” என்றார் அவர். முதல் பாதியைப் பற்றித்தான் அவருக்குக் கவலை.

தேர்வும் லேசில் முடியவில்லை. கல்லூரியில் மணி அடிக்க வேறு ஆள் கிடையாது. முதல் மணியை அடித்துவிட்டுப் படியேறி ஓடிப் போய்க் கேள்வித்தாளை வாங்கினார். அரை மணிக்கு ஒரு தடவை பேனாவை மூடிவைத்துவிட்டு இறங்கிப் போய் மணி அடித்து வந்தார். தேர்வு மேற்பார்வையாளர் ஒவ்வொரு தடவையும் அவர் சட்டைப்பையைச் சோதித்து உள்ளே விட்டார். கடைசி நாள், கடைசி மணியை அடிக்க வேண்டிய நேரத்தில் அவர் ஒரு ராஜாவின் மரணப் படுக்கையில் இருந்தார். பாதியில் விட்டுவிட்டு எழ மனம் வரவில்லை. ராஜா உயிரை விட்டு, அடக்கமும் முடிந்த பிறகே போய் அடித்தார். அன்று தேர்வு எழுதிய இருநூறு பேருக்கும் ஆறு நிமிடம் கூடுதலாகக் கிடைத்தது. யாரும் புகார் கொடுக்கவில்லை.

ஒன்பது பேரும் தேறினார்கள். பன்னிரண்டுக்கு ஒன்பது, நூற்றுக்கு எழுபத்தைந்து. மேலிடத்திலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது. அதை முதல்வர் அறைச் சுவரில் ஆணியடித்து மாட்டியவரும் அவர்தான்.

விழா நாளில் அவர் காக்கிச் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு, வரலாற்றுப் பிரிவின் சான்றிதழ்கள் அடுக்கிய பெரிய தட்டை ஏந்தி மேடை ஓரத்தில் நின்றார். மேலே இருந்து ஒன்பதாவது அவருடையது. முதல்வரும் கண்காணிப்பாளரும் ஏற்பாட்டைத் தங்களோடு வைத்துக்கொண்டிருந்தார்கள். எட்டுப் பேரிடம் யாரும் சொல்லவில்லை. அதுதான் தவறாகப் போயிற்று. அவர்கள் கறுப்பு அங்கியில் முன்வரிசையில் இருந்தார்கள். தையலக்கா மடியில் ஒன்பதாவதாக ஓர் அங்கி. அவருக்குத் தெரியாமல், அவருடைய பழைய காக்கிச் சட்டையை மனைவியிடம் கேட்டு வாங்கி அளவெடுத்துத் தைத்திருந்தாள்.

கடைசியாக அவர்கள் பிரிவைக் கூப்பிட்டபோது எட்டுப் பேரும் ஒவ்வொருவராக வந்து கையெழுத்திட்டு வாங்கிக்கொண்டு இறங்கினார்கள். சிறப்பு விருந்தினர் ஒன்பதாவதை எடுத்து ஒலிபெருக்கியில் பெயரைப் படித்தார். இத்தனை வருடத்தில் அந்தக் கட்டடத்தில் அந்தப் பெயர் சத்தமாக ஒலித்தது அதுதான் முதல் தடவை. யாருடைய பெயர் என்று பலருக்குத் தெரியவில்லை. அவருக்கே ஒரு நொடி பிடிபடவில்லை.

“வரவில்லை” என்று படித்தார் கண்காணிப்பாளர், பட்டியலைப் பார்த்து.

“என்னது வரலையா?” தையலக்கா எழுந்துவிட்டாள். “சார்! அண்ணன் அங்கதான நிக்கறாரு! உங்க பக்கத்துல! தட்டோட!”

“அண்ணே, போய் வாங்கிக்குங்கண்ணே!” என்றார் மருந்துக்கடைக்காரர். எட்டுப் பேரும் கைதட்டினார்கள். அவர்களைப் பார்த்து அரங்கமும் தட்டத் தொடங்கியது. தையலக்கா அங்கியை இரண்டு கையாலும் உயர்த்திப் பிடித்திருந்தாள். தோளில் மடிப்பு வைத்து, ஓரம் மடக்கி, அவர் உயரத்துக்குச் சரியாக இருந்தது. சிறப்பு விருந்தினர் சான்றிதழை நீட்டிக்கொண்டு அவரைப் பார்த்தார். “நீங்களா?”

சான்றிதழுக்கும் அவர் கைக்கும் நடுவில் ஒரு முழம் இருந்திருக்கும். தட்டைக் கீழே வைத்தால் போதும். அவர் தட்டின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டார்.

“வரலைங்க” என்றார்.

“யார் வரலை?”

“நான் வரலைங்க ஐயா.”

கைதட்டல் நின்றுவிட்டது. சிறப்பு விருந்தினர் முதல்வரைப் பார்த்தார். முதல்வர் அம்மாள் புன்னகை மாறாமல், “வரலைன்னு அவரே சொல்றார்” என்றார். இதைவிட நல்ல சாட்சி வேறு கிடைக்காது என்று தோன்றியதோ என்னவோ, விருந்தினர் சான்றிதழைத் தட்டிலேயே திருப்பி வைத்துவிட்டார். தையலக்கா தூக்கிப் பிடித்த அங்கியை இறக்கினாள். பிறகு உட்கார்ந்து, “இவருக்கு என்ன கேடு?” என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். தட்டில் ஒற்றைச் சான்றிதழோடு அவர் பக்கவாட்டுக் கதவு வழியாக இறங்கி அலுவலகத்துக்குப் போனார்.

அவர் மனைவி அங்கே அவருக்கு முன்பே வந்து நின்றாள். கடைசி வரிசையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்திருந்தாள்.

“நல்லா சத்தமாத்தான் சொன்னீங்க” என்றாள். “கடைசி வரிசைவரைக்கும் கேட்டுது.”

“தையலக்கா முகத்தைப் பாத்தியா?”

“நான் அவகிட்ட சொல்லிடறேன். அங்கியை வாங்கிட்டு வந்துடறேன், கோபம் ஆறட்டும். துணி நல்ல துணி.” அவள் தட்டைப் பார்த்தாள். “நான் கொஞ்சம் பாக்கலாமா?”

அவர் கதவைப் பார்த்தார். யாரும் இல்லை. வராதவர்களின் சான்றிதழை எடுத்துத் துடைத்து அடுக்குவது அவர் வேலைதான்; அதற்குக் கையெழுத்துத் தேவையில்லை. இருந்தும் அதை அவள் கையில் கொடுக்கவில்லை. இரண்டு ஓரத்தையும் பிடித்து அவள் முகத்துக்கு நேரே காட்டினார். அவள் பெயரைப் படித்தாள். பாடத்தைப் படித்தாள். முத்திரையைக்கூட விடாமல் படித்தாள். கண் நிறைந்துபோய் நின்றவள், அடிவரிக்கு வந்ததும் புருவத்தைத் தூக்கினாள்.

“மூணாம் வகுப்பா?”

“ஆமா.”

“இவ்வளவு பாடுபட்டு மூணாம் வகுப்பா வாங்கினீங்க?”

“நான் எங்கடி வாங்கினேன்?” என்றார் அவர். அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு, விழா முடிந்த மணியை அடிக்கப் போனார்.